தும்மல்காரர்களுக்கு வெங்காய முருங்கை சூப்: குவெர்செட்டினை வீணாக்காத செய்முறை

தூசியோ மகரந்தமோ ஒவ்வாதவர்களுக்கு அது மூக்கில் ஏறியதும் அங்குள்ள மாஸ்ட் செல்கள் (ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்கள்) ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு எல்லாம் அதன் வேலைதான். வெங்காயத்திலும் முருங்கைக் கீரையிலும் இயற்கையாக உள்ள குவெர்செட்டின் என்ற தாவரப் பொருள், ஆய்வகச் சோதனைகளில் அந்தக் கொட்டலைக் குறைத்திருக்கிறது. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை. ஆகவே இதை உணவாக மட்டும் சாப்பிடுங்கள். இன்ஹேலரையும் மாத்திரையையும் இதை நம்பி நிறுத்தவே கூடாது.

இருவருக்கு: சின்ன வெங்காயம் 100 கிராம், முருங்கைக் கீரை 2 கைப்பிடி, தண்ணீர் 400 மில்லி, நெய் 1 டீஸ்பூன், சீரகம், மிளகுத்தூள் தலா அரை டீஸ்பூன், உப்பு.

1. உரிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அவசரத்தில் சருகோடு முதல் சதை அடுக்கும் பிய்ந்து குப்பைக்குப் போய்விடும். குவெர்செட்டின் செறிந்திருப்பதோ வெளி அடுக்குகளில்தான். உள்ளே போகப் போகக் குறையும். தோலோடு வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் போட்டு வையுங்கள். வேர்ப்பக்கத்தை மெல்லிசாகச் சீவி, கட்டைவிரலால் சருகைத் தள்ளுங்கள். ஈரமாக, ஊதாவாகப் பளபளக்கும் அடுக்கு தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

2. நெய்யில் சீரகம் பொரிந்ததும் நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு, கண்ணாடி போல் ஆகும்வரை வதக்குங்கள். கருக விடாதீர்கள். நெய்யைத் தவிர்க்க வேண்டாம். கொழுப்போடு சேர்ந்தால் குவெர்செட்டின் உடலில் நன்றாகச் சேரும்.

3. தண்ணீர் ஊற்றி 8 நிமிடம், கீரை போட்டு இன்னும் 5 நிமிடம் கொதித்ததும் உப்பு, மிளகு சேர்த்து இறக்குங்கள். வேகும்போது குவெர்செட்டினில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். வெங்காயத்தை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவது அதனால்தான் வீண் வேலை. இதிலும் வடிகட்டாமல் சக்கையோடு குடியுங்கள்.

பாத்திரம் மண்சட்டி அல்லது எவர்சில்வர். இரும்புச் சட்டி வேண்டாம்: குவெர்செட்டின் இரும்போடு பிணைந்து சூப்பின் நிறமே கருத்துவிடும்.

பிறகு சேர்த்தது: வெள்ளை வெங்காயத்தில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் குவெர்செட்டின் மிகக் குறைவு, சிவப்பையே வாங்குங்கள். சிவப்பிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 முதல் 50 மில்லிகிராம்தான். சோதனைகளில் கொடுத்ததோ பெரும்பாலும் நாளுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அதற்காகக் கேப்சூல் வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவர்கள், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். முகம், உதடு வீங்கி மூச்சு இழுத்தால் சூப் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.