உப்புத் தாங்கும் பூஞ்சைக்கு உலோகம் கொடுக்கும்போது செய்யும் தவறுகள்

புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு இந்த ஆண்டும் இரண்டு முதுகலை மாணவர்கள் வந்திருக்கிறார்கள். கடலூர் உப்பனாற்றுச் சேற்றிலிருந்து ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையைப் பிரித்து, காட்மியமும் செம்பும் ஈயமும் கொடுத்து வளர்ச்சியைப் பார்க்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டை ஓரமாக ஓடும் ஆறு என்பதால் நல்ல தலைப்புதான். தட்டில் பெயர் எழுத மறப்பது, வேறு பூஞ்சை ஏறிக்கொள்வது எல்லாம் இங்கே வேண்டாம். ஒருமுறை பட்டால் அவரவருக்கே புரிந்துவிடும்.

குளோரைடை மறப்பது

போன வாரம் அவர்களில் ஒருத்தி வரைபடத்தோடு ஓடிவந்தாள். "சார், உப்பு கூடக் கூட பூஞ்சை காட்மியத்தை நல்லா தாங்குது!" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வரைபடத்தை நானும் ஒரு காலத்தில் வரைந்திருக்கிறேன். 0, 5, 10 சதவீத உப்பு, எல்லாவற்றிலும் ஒரே அளவு காட்மியம், ஆறு மாத வேலை. உப்பு பூஞ்சைக்கு எதிர்ப்புச் சக்தி தருகிறது என்று கருத்தரங்கில் பெருமையாகச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த வேதியியல் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா, உப்புல சோடியம் மட்டுந்தான் இருக்கா?"

விஷயம் இதுதான். பூஞ்சையைப் பெரும்பாலும் தாக்குவது தனித்துத் திரியும் காட்மியம் அயனி. குளோரைடு அதைப் பிடித்துக் கட்டிவிடும். சாதாரணக் கடல்நீரிலேயே கரைந்த காட்மியத்தில் சில சதவீதம்தான் தனி அயனியாக இருக்கும். 10 சதவீத உப்பில் அதுவும் சுருங்கிவிடும். அதாவது, நான் உப்பைக் கூட்டியபோதெல்லாம் விஷத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமும் போச்சு. இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

சோடியம் குளோரைடுக்குப் பதில் சோடியம் நைட்ரேட் போட்டு, நீர்ச் செயல்பாடு (பூஞ்சைக்கு எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் நீரின் அளவு) ஒன்றாக இருக்கும்படி இன்னொரு வரிசைத் தட்டுகளும் வையுங்கள். காட்மியத்தையும் குளோரைடாக அல்லாமல் நைட்ரேட்டாகவே சேருங்கள். அதிலும் பூஞ்சை தாங்கினால், அப்புறம் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிப் பேசலாம்.

ஈயமும் பாஸ்பேட்டும்

பூஞ்சை வளர்க்கும் மீடியாவில் பாஸ்பேட் நிறைய இருந்தால் ஈயம் வெள்ளையாகப் படிந்துவிடும். அப்போது பூஞ்சை செழித்தால் அதில் பூஞ்சையின் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

எடைக் கணக்கு

100 மில்லிகிராம் நீலத் துத்தத்தில் (செம்பு சல்பேட்டில்) செம்பு 25 மில்லிகிராம்தான். உப்பின் எடையை உலோகத்தின் எடையாக எழுதிவிடாதீர்கள்.

விட்டத்தை மட்டும் அளப்பது

பூஞ்சை தட்டில் மெலிதாகப் பரவினாலும் அதன் வட்டத்தின் விட்டம் பெரிதாகத் தெரியும். உலர் எடையும் எடுங்கள்.