பல் மருத்துவத் தள்ளுபடி அட்டை: பணம் கட்டும் முன் ஒரு போன்

இது காப்பீடு இல்லை. சந்தா கட்டினால் சிகிச்சைக் கட்டணம் குறையும், அவ்வளவுதான். தள்ளுபடி போக மீதித் தொகை முழுவதையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். பெரும்பாலும் காப்பீட்டில் இருப்பதுபோல, சேர்ந்தபின் காத்திருப்புக் காலமோ ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்போ கிடையாது என்பது நிஜமான வசதி. ரூட் கெனால், கேப் (பல்லுக்கு மேல் போடும் உறை) என்று பெரிய வேலை இருந்தால் சந்தாப் பணம் அதிலேயே திரும்பிவிடலாம். வெறும் கிளீனிங்குக்கு என்றால் பல நேரம் கட்டுப்படியாகாது.

விளம்பரத்தில் போடும் சதவீதத்தை விடுங்கள். எந்தத் தொகையிலிருந்து கழிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் பல் மருத்துவரின் கிளினிக்குக்கே போன் போட்டு, "இந்த அட்டையை இப்போதும் எடுத்துக்கொள்கிறீர்களா? இதில் கேப் எவ்வளவு, அதைச் செய்யும் லேப் செலவு தனியா? அட்டை இல்லாமல் ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு?" என்று கேளுங்கள். ரொக்கத்துக்கே குறைத்துத் தருகிறவர்களும் உண்டு. அப்புறம், சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்றும் பார்த்துவிடுங்கள்.