குளிர் நாட்டில் ஒரு நாள் தண்ணீரில்: ஜெர்மனிக்குப் புதிதாகப் போகும் கொங்குக் குடும்பங்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து ஜெர்மனிக்குக் குடிபெயரும் இளம் குடும்பங்களுக்காக, அங்கே பல குளிர்காலங்களைக் கழித்துவிட்டுக் கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பிவிட்ட நான் இதை எழுதுகிறேன். வீடு, காப்பீடு, வங்கிக் கணக்கு பற்றிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அந்த இருட்டில் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளை என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஒரு நாள் உள்ளரங்க நீர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். போனால் குடும்பமே தண்ணீரில் இறங்க வேண்டும். கொடிவேரி அணையில் அம்மா மட்டும் கரையில் உட்கார்ந்து பையையும் துண்டையும் காத்துக்கொண்டிருப்பாரே, அந்த வழக்கம் அங்கே வேண்டாம். பைக்கு லாக்கர் இருக்கிறது.

பெர்லினுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் டிராபிகல் ஐலண்ட்ஸ் என்ற உள்ளரங்க நீர்ப் பூங்கா இருக்கிறது. வாயு நிரப்பி வானில் மிதக்கவிடும் ஆகாயக் கப்பல் கட்டுவதற்காக எழுப்பிய கொட்டகை அது: 360 மீட்டர் நீளம், 210 மீட்டர் அகலம், 107 மீட்டர் உயரம். கப்பல் கட்ட வந்த நிறுவனம் 2002-இல் நொடித்துப்போக, மலேசியாவின் டான்ஜோங் நிறுவனம் அதை வாங்கி 2004 டிசம்பரில் பூங்காவாகத் திறந்தது. மலேசியத் தமிழரான மறைந்த தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணனின் தொழில் குழுமத்தைச் சேர்ந்தது டான்ஜோங் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. பின்னாளில் பூங்கா கைமாறிவிட்டது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே 26 டிகிரி. பிராண்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் பூங்காவின் பஸ் கொண்டுபோய் விடும். மியூனிக் பக்கம் இருப்பவர்களுக்கு எர்டிங் ஊரிலுள்ள தெர்மே என்ற வெந்நீர்ப் பூங்கா அருகில். கைக்குழந்தை இருந்தால் முதலில் உங்கள் ஊர் நகராட்சிக் குளத்தில் ஒரு முறை பழகிவிட்டுப் பெரிய பூங்காவுக்குப் போவது நல்லது.

பள்ளி விடுமுறை அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் பிள்ளைக்குப் பள்ளி இருக்கும் வாரத்தில் பக்கத்து மாநிலத்துப் பிள்ளைகள் வந்து குவிந்திருக்கலாம். இரண்டையும் பார்த்து நாள் குறியுங்கள்.

உடை விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் வாசலிலேயே திகைத்து நிற்கின்றன. சுடிதாரோடோ பனியனோடோ இறங்க விடமாட்டார்கள். காரணத்தைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், இழை உதிரும், உதிர்ந்த இழை வடிகட்டியில் போய்ச் சேரும். நைலான் அல்லது பாலியெஸ்டரோடு எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த நீச்சல் துணிதான் வேண்டும். ஆண்கள் நீச்சல் டிரவுசருக்குள் ஜட்டி அணிவதையும் பல குளங்களில் ஏற்பதில்லை. பெண்களுக்கு முழுக்கை, கணுக்கால் வரை மூடும் நீச்சலுடை கிடைக்கிறது. பல இடங்களில் அனுமதி உண்டு. ஆனாலும் குளத்துக்குக் குளம் விதி மாறுவதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சம் இருப்பவர்கள் அந்த உடையைக் கோவையிலேயே அளவு பார்த்து வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வாங்காமல் போனால் கரையில் உட்காரப் போவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது எண்ணெய். தலை நிறைய எண்ணெய் வைத்துச் சீவிவிட்ட பிள்ளையை அப்படியே குளத்தில் இறக்காதீர்கள். உள்ளரங்கக் குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடியை எல்லோரும் குளோரின் என்று நினைக்கிறார்கள். வியர்வை, சிறுநீர், உடல் அழுக்கோடு குளோரின் சேரும்போது உண்டாகும் குளோரமீன்களின் நெடி அது. கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் அதுவே காரணம்; கூரைக்குக் கீழே அது எளிதில் கலைந்து போகாது. அதனால்தான் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்கிறார்கள். ஷவருக்கடியில் பெயருக்குத் தலையை நனைத்துக்கொண்டு வந்தால் போதாது. முந்தின இரவே பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றிவிடுங்கள். சிறு குழந்தைக்கு அதற்கான நீச்சல் டயப்பர் கட்டாயம்.

நகையை வீட்டில் வையுங்கள். கொலுசும் அரைஞாண் கொடியும் நீர்ச் சறுக்கில் மாட்டிக்கொள்ளும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாறி, மேலாடைக்குள் ஊசியால் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். அப்படியானால் சறுக்குகளைத் தவிர்த்துவிடுங்கள்.

தோட்டத்துக் கிணற்றில் சுரைப்புருடை கட்டி நீந்தப் பழகிய அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்த பழக்கத்தை அங்கே காட்டாதீர்கள். பல குளங்கள் மார்பளவுதான். பாய்ந்தால் கழுத்தெலும்பு முறியும். நீந்தத் தெரியாத பிள்ளை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப்பட்டையை நம்பி போனைப் பார்க்காதீர்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கை ஆட்டுவதில்லை, சத்தமில்லாமல் அடங்கிவிடும். அப்பாவும் அம்மாவும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டால் இருவருமே நிம்மதியாக நீந்தலாம்.

பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்ப்பதற்கும் அன்றைக்கே விசாரியுங்கள். அங்கே முதல் சான்றின் பெயர் ஸேபேர்ட்ஷென். 25 மீட்டர் நீந்தி, கரையிலிருந்து குதித்து, தோளளவு தண்ணீரின் அடியிலிருந்து ஒரு பொருளை எடுத்து வர வேண்டும். இடம் கிடைக்கக் காத்திருக்க நேரலாம் என்பதால் போன முதல் மாதத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

சூடான அறையில் உட்கார்ந்து வியர்க்கும் சவுனா என்று தனிப் பகுதி இருக்கும். ஜெர்மனியில் அங்கே பெரும்பாலும் ஆண், பெண் எல்லோரும் உடையின்றித்தான் இருப்பார்கள். அது அவர்கள் ஊர் வழக்கம். யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. ‘டெக்ஸ்டில்ஃப்ரை’ (துணியில்லாப் பகுதி) என்ற பலகையைப் பார்த்தால் பிள்ளைகளோடு திரும்பிவிடுங்கள். குளத்தருகே மற்றவர்கள் விழும்படி படம் எடுப்பதும் கூடாது.

ஊரிலிருந்து அப்புச்சியும் அம்மாயியும் வந்திருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் சுடுநீர்த் தொட்டி வேண்டாம். வெதுவெதுப்பான ஆழமில்லாத குளம் போதும். ஈரத் தரை வழுக்கும், ரப்பர் செருப்பு அவசியம். பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு. கட்டுச்சோற்றை ரயிலிலேயே சாப்பிட்டுவிடுங்கள். உள்ளே வாங்குவதெல்லாம் நுழையும்போது மணிக்கட்டில் மாட்டும் மின்னணுப் பட்டையில் பதிவாகி, வெளியேறும்போதுதான் கணக்கு வரும். பிள்ளைகள் கையிலும் பட்டை இருக்கும், சொல்லி வையுங்கள்.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீரை விட்டு ஏறிவிடுங்கள். முடி உலர்த்தும் கருவி அங்கேயே இருக்கும், ஆனால் வரிசை நிற்கும். நீண்ட கூந்தல் உள்ள பெண்கள் முதலில் உலர்த்தட்டும்; அதுவரை பிள்ளைகளுக்கு உடை மாற்றிக் குல்லா மாட்டுவது அப்பாவின் வேலை.