சிறிய எரிவாயு மின்நிலையம்: எஞ்சினை வாங்கிவிட்டு எரிவாயுவைத் தேடாதீர்கள்

மின் உற்பத்தி நிலையம் வைக்க உரிமம் தேவையில்லை என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. ஆலையின் சொந்தத் தேவைக்கு 3 மெகாவாட் கேஸ் எஞ்சின் வைக்க நினைப்பவர் இந்த ஒரு வரியைப் படித்ததும் விலைப்புள்ளி வாங்கக் கிளம்பிவிடுவார். முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. உரிமம் வேண்டாம், சரி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மின் ஆய்வுத் துறை, தீயணைப்புத் துறை, மின்வாரியம் ஆகியவற்றின் அனுமதிகள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.

அவற்றுக்கும் முன்னால் எரிவாயு இருக்கிறது. எரிவாயுவின் வெப்பத்தில் நூற்றுக்கு 40 பங்கை மின்சாரமாக்கும் எஞ்சின் ஒரு மெகாவாட் தர மணிக்குச் சுமார் 250 கன மீட்டர் எரிவாயு குடிக்கும். 3 மெகாவாட் என்றால் நாளைக்கு 18,000 கன மீட்டர். இதை யார் தருவார், எந்தக் குழாயில், எந்த அழுத்தத்தில், எத்தனை ஆண்டுக்கு? இதற்கு எழுத்தில் பதில் வராமல் முன்பணம் கட்டாதீர்கள். 'உறுதியான வழங்கல்' என்பதும் 'இருந்தால் தருவோம்' என்பதும் ஒன்றல்ல. எடுக்காவிட்டாலும் இத்தனை சதவீதத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற பிரிவு பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும். ஆலை ஒரு மாதம் நின்றால் அது எவ்வளவு வரும் என்று போட்டுப் பாருங்கள். ஆந்திரக் கடலோரத்துக் கிருஷ்ணா-கோதாவரி படுகையின் டி6 எரிவாயு வயலை நம்பிக் கட்டிய பெரிய நிலையங்களே, அங்கே உற்பத்தி சரிந்தபோது எரிவாயு இல்லாமல் முடங்கின. காவிரி டெல்டாவில் புதுக் கிணறு தோண்டுவார்கள், அதிலிருந்து கிடைக்கும் என்று திட்டம் போடுவதும் வீண். 2020-இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் அங்கே புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தைத் தடை செய்திருக்கிறது.

கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்த மொத்த வெப்ப மதிப்பில்தான் எரிவாயுவுக்குப் பில் போடுவார்கள். எஞ்சின் விற்பவர் சொல்லும் 40 சதவீதம் போன்ற செயல்திறனோ அந்த வெப்பத்தைக் கழித்த நிகர மதிப்பில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 10 சதவீதம். இதைக் கவனிக்காமல் யூனிட் விலை போட்டால் லாபக் கணக்கே கவிழ்ந்துவிடும். எரிவாயு ஜி.எஸ்.டி.க்குள் இல்லை என்பதால், கட்டிய மதிப்புக்கூட்டு வரியை ஜி.எஸ்.டி.யில் கழிக்கவும் முடியாது. எஞ்சினுக்குப் பதில் கேஸ் டர்பைன் (சுழலி) வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதன் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் மெகாவாட் அளவு 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கானது. நம் ஊர் மே மாத மதியத்தில் அது கிடைக்காது.

அப்புறம் இசைவாணை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என இரண்டு வாங்க வேண்டும். முதலாவது கைக்கு வரும் முன் அஸ்திவாரம் போடுவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. 'ஷெட்டை மட்டும் கட்டி வைப்போம்' என்பதும் விதிமீறல்தான். புகைபோக்கியின் உயரம், நைட்ரஜன் ஆக்சைடு அளவு, இரைச்சல் மூன்றையும் இடம் தேர்ந்தெடுக்கும்போதே பாருங்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். வேலியை ஒட்டி வீடுகள் இருந்தால் எஞ்சின் அறைக்கான செலவு ஏறும். முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கைக்குள் வருமா என்பதை மொத்த மெகாவாட்டை வைத்துப் பாருங்கள். விதியிலிருந்து தப்ப ஒரே வளாகத்தை இரண்டு திட்டங்களாகப் பிரித்து விண்ணப்பிக்காதீர்கள்.

பல ஆலைகள் சேர்ந்து சொந்த மின்நிலையமாக வைப்பதானால், பயன்படுத்துவோருக்குக் குறைந்தது 26 சதவீதம் பங்கு இருக்க வேண்டும், ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். தவறினால் அந்த ஆண்டின் மின்சாரம் முழுவதற்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (மற்றவர்களுக்கான மானியத்தை ஈடுகட்ட வாங்கும் தொகை) விழும்.

மின்வாரியக் கட்டமைப்போடு இணைந்து ஓடப் போகிறீர்கள் என்றால் சுவிட்ச்கியர் (மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் கருவித் தொகுதி) வாங்கும் முன்பே அவர்களிடம் பேசுங்கள். உங்கள் ஜெனரேட்டர் சேர்ந்ததும் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) நேர்ந்தால் பாயும் மின்னோட்டம் கூடும், பழைய பிரேக்கர் அதைத் தாங்காமல் போகலாம். கோளாறைக் கண்டு பிரேக்கரைத் துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்பு ரிலே எவையெவை வேண்டும் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடத்தை மின் ஆய்வாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு கேபிளுக்குப் பள்ளம் தோண்டலாம்.