அம்மாவின் முழங்கைக்கு ஏற்ற சமையல் மேடை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், 1960களில் இந்தியர்களுக்கென்று உருவான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீடு. அம்மாவின் உயரம் 148 செ.மீ., சமையல் மேடை 91. ரொட்டி தேய்த்தால் தோள் காது வரை ஏறிவிடும், ராத்திரியெல்லாம் கைவலி.

செல்போனைப் பக்கவாட்டில் நிறுத்தி அம்மா சமைப்பதைப் படம் பிடித்தேன். கினோவியா என்ற இலவச மென்பொருளில் அதை ஓடவிட்டு மூட்டுகளின் கோணங்களைக் குறித்தேன். மாவு பிசையும்போது முழங்கை உடம்பைவிட்டு விலகித் தூக்கி நின்றது. மசாலா டப்பாவுக்குக் குதிகால் எம்பியது.

1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையும் வேலை அசைவுகளைக் கணக்கிட்டு உருவானதுதான். ஆனால் அது ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே அளவு. எனக்கு வேண்டியது அம்மாவின் அளவு.

மேடை முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அம்மாவின் முழங்கை 93இல் இருக்கிறது. சரி என்று ஸ்கெட்சப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் வரைந்து பார்த்து, பிசையும் பக்கத்தை மட்டும் 80க்கு இறக்கினேன். சிங்க்கைத் தொடவில்லை, அதன் அடி ஏற்கெனவே தாழ்வு, இன்னும் இறக்கினால் முதுகு வளையும். டப்பாக்கள் கண்மட்டத்துக்கு வந்தன.

மறுபடி படம் பிடித்தேன். தோள் இறங்கியிருந்தது. "இப்போ மாவு நல்லா அழுந்துதுடா" என்றார் அம்மா. அடுத்தது குளியலறை.