உங்கள் கதை அறிவியல் புனைகதையா, ஃபேண்டஸியா? கண்டுபிடிக்க ஒரு வழி

கதையை எழுதிவிட்டு, இது அறிவியல் புனைகதையா, மாயமும் மந்திரமும் வரும் ஃபேண்டஸியா, எந்த வகையில் சேரும் என்று தடுமாறுபவர்களுக்காக இந்தப் பதிவு. போட்டிக்கு அனுப்பும்போதுதான் பலருக்கு இந்தக் கேள்வி வருகிறது. என்னைக் கேட்டால், பாதிக் கதை எழுதியதுமே கேட்டுவிடுவது நல்லது. வாசகருக்கு எந்தக் கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

படி 1: நடக்காத அந்த ஒன்றைப் பிடியுங்கள்

ஒரு தாள், ஒரு பென்சில் போதும். மைண்ட்மேப் செயலிகள் வேண்டாம். கட்டம் கட்டி அம்புக்குறி போடுவதிலேயே நேரம் போய்விடும். நம் உலகில் நடக்காத, உங்கள் கதையில் நடக்கிற விஷயத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். விமர்சகர் டார்கோ சுவின் அறிவியல் புனைகதையில் வரும் இந்தப் புதுமையை 'நோவம்' என்றார். நான்கைந்து இருந்தால், எதை எடுத்தால் கதையே சரிந்துவிடுமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பொருட்களை நம்பாதீர்கள்

விண்கலம் வந்தால் அறிவியல், டிராகன் வந்தால் ஃபேண்டஸி என்று முடிவு கட்ட முடியாது. எழுத்தாளர் ஆன் மெக்காஃப்ரியின் பெர்ன் நாவல்களில் டிராகன்கள் பறக்கின்றன. ஆனால் அவை வேற்றுக்கோளில் குடியேறிய மனிதர்கள், அங்கிருந்த சிறு உயிரினங்களின் மரபணுக்களை மாற்றி உருவாக்கியவை. ஆகவே வாள், கோட்டை, ரோபோ எல்லாவற்றையும் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

படி 3: யார் செய்தாலும் நடக்குமா?

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'இறந்துபோன கணவர் மனைவியிடம் பேசுகிறார்' என்று தாளில் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதை இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் விதம்: அவருடைய பழைய ஒலிப்பதிவுகளை வைத்து ஒரு கருவி அவர் குரலை உருவாக்குகிறது. பீரோ சாவி எங்கே என்று மனைவி கேட்கிறாள். பதிவுகளில் அந்தத் தகவல் இல்லை. கருவி கொஞ்சமும் தயங்காமல், அவருடைய அதே செருமலோடு, "கடிகாரத்துக்குப் பின்னாடி பாரு" என்கிறது. அங்கே தூசிதான் இருக்கிறது.

இரண்டாவது விதம்: அவர் சாகும் நேரத்தில் அவருக்கு அவள் கொடுத்த ஒரு வாக்கை இன்னும் நிறைவேற்றவில்லை. அதனால் ராத்திரியில் குரல் வருகிறது. சாவி இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து கூடவே உட்கார்ந்தாலும், அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் காதில் ஒன்றும் விழாது. வாக்கை நிறைவேற்றிய அன்றோடு குரல் நின்றுவிடும்.

முதல் கதையின் கருவியில் பக்கத்து வீட்டுக்காரியின் அம்மா பேசிய பதிவுகளைப் போட்டால் அந்த அம்மா பேசுவார். பயன்படுத்துகிறவர் நல்லவரா கெட்டவரா என்று கருவி பார்க்காது. இது அறிவியல் புனைகதை. இரண்டாவது கதையின் உலகம் அவளைத் தனியாக அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறது. அவள் கொடுத்த சொல்லுக்கு அங்கே எடை உண்டு. அது ஃபேண்டஸி.

அப்புறம், இங்கே ஒரு சிக்கல் வரும். சிலர் இப்படிக் கேட்பார்கள்: "என் மந்திரத்துக்குத் தெளிவான விதிகள் இருக்கின்றன. மூன்று முறை சொன்னால் தீ பிடிக்கும், நான்காம் முறை சொன்னவர் மயங்கி விழுவார். விதி இருப்பதால் இது அறிவியல்தானே?" விதி இருப்பது மட்டும் போதாது. நான் வைக்கும் சோதனை இதுதான்: அந்த மந்திரத்தை ஓர் ஒலிப்பதிவுக் கருவி சொன்னால் தீ பிடிக்குமா? பிடிக்கும் என்றால் ஒலிதான் வேலை செய்கிறது. அடுத்ததாக, தீக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்பார். நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். கதை அறிவியல் பக்கம் நகர்ந்துவிட்டது. சொல்பவரின் மனமோ தவமோ பரம்பரையோ வேண்டும் என்றால், எத்தனை விதிகள் எழுதினாலும் அது ஃபேண்டஸிதான்.

படி 4: அறிவியல் சரியா என்று கவலைப்படாதீர்கள்

1865இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் தன் நாவலில், பெரிய பீரங்கியில் வைத்து ஆட்களை நிலவை நோக்கிச் சுட்டார். ஒரே நொடியில் அவ்வளவு வேகம் எடுத்தால் உள்ளே இருப்பவர்கள் நசுங்கியிருப்பார்கள். 1901இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தன் நாவலில், ஈர்ப்பு விசையைத் தடுக்கும் கேவொரைட் என்ற பொருளைக் கற்பனை செய்து நிலவுக்கு ஆள் அனுப்பினார். அப்படியொரு பொருள் எங்கே, காட்டட்டும் என்று வெர்ன் குறைப்பட்டார். இன்று இரண்டுமே அறிவியல் புனைகதைதான். இரண்டிலும் 'எப்படி?' என்று கேட்க இடம் இருக்கிறது.

பின்சேர்க்கை 1: காலப்பயணம் எதில் சேரும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். படி 3 இங்கேயும் செல்லும். யார் ஏறி உட்கார்ந்தாலும் ஓடும் எந்திரம் என்றால் அறிவியல். சாபத்தாலோ ஏக்கத்தாலோ ஒருவர் மட்டும் பழைய காலத்தில் கண்விழித்தால் ஃபேண்டஸி.

பின்சேர்க்கை 2: மிக முன்னேறிய தொழில்நுட்பத்தை மாயத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் சொன்னாரே, பிறகு ஏன் பிரிக்க வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கிளார்க் சொன்னது பார்ப்பவரின் நிலையை. உங்கள் பாத்திரம் கருவியை மாயம் என்றே நம்பலாம். அது எப்படி வேலை செய்கிறது என்பது எழுதுகிற உங்களுக்குத் தெரியும். அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை 3: இரண்டும் கலந்த கதைகள் உண்டு, அதில் தவறே இல்லை. வகையைக் கேட்கும் இடத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால், உச்சக்காட்சியை எடுத்துப் பாருங்கள். அங்கே சிக்கலை அவிழ்ப்பது யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றா, அந்த ஒருவருக்கு மட்டுமே வாய்த்ததா? பதில் எந்தப் பக்கமோ, அந்த வகையை எழுதி அனுப்புங்கள்.