பறவைக் காய்ச்சல்: பயம் தட்டில், ஆபத்து பஞ்சாரத்தில்

கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சலால் வாத்துகள் கூட்டமாகச் செத்துப் போகின்றன என்று செய்தி வந்ததும் எல்லையிலுள்ள வாளையாறு சோதனைச்சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளிக்க ஆரம்பிப்பார்கள். "ஒரு மாதத்துக்குக் கோழி, முட்டை தொடாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். கறிக்கடையில் கூட்டம் குறையும், நாமக்கல் பண்ணைக்காரர்கள் முட்டை விலையை நினைத்துக் கவலைப்படுவார்கள். கொஞ்ச நாளில் எல்லாம் மறந்துபோகும். 2014-க்குப் பிறகு இதைப் பலமுறை பார்த்துவிட்டோம். பயப்படுகிறவர்களும் சரி, "இதெல்லாம் சும்மா" என்று சிரிக்கிறவர்களும் சரி, பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பயப்படுவதுதான் முதல் தவறு. இறைச்சியின் எல்லாப் பகுதியும் 70 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் இந்த வைரஸ் செத்துவிடும். குழம்பில் கொதிக்கும் கோழி அதைத் தாண்டி எங்கேயோ போய்விடுகிறது. நோய் பரவும் வாரங்களில் ஹாஃப் பாயிலையும் கலக்கியையும் தள்ளி வைத்தால் போதும், முழுதாக வெந்த முட்டையால் ஆபத்தில்லை. பாலும் அப்படித்தான். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே இந்த நோய் வந்திருப்பது தெரிந்தது. பச்சைப் பால் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. அதற்குப் பிறகும் காய்ச்சாத பாலே உடம்புக்கு நல்லது என்று அங்கே ஒரு கூட்டம் வாதாடிக்கொண்டிருந்தது. கடைசியில் கலிஃபோர்னியாவில் கடைக்கு வந்த பச்சைப் பாலிலேயே வைரஸ் இருந்ததால் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பாலைப் பொங்கவிட்டுக் காய்ச்சும் நம் வீடுகளில் இந்தக் கவலை வேண்டாம்.

ஆபத்து சமைப்பதற்கு முன்னால் இருக்கிறது. கிராமத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கோழி தலையைத் தொங்கப்போட்டுத் தூங்க ஆரம்பித்தால், சாவதற்குள் அறுத்துவிடுவார்கள். கோழிகளுக்கு வழக்கமாக வரும் வெள்ளைக்கழிச்சல் என்றால் இதனால் மனிதருக்குப் பெரிய கேடு வராது, அதனால் பழக்கம் அப்படியே தொடர்கிறது. பறவைக் காய்ச்சலில் இதுதான் மிக மோசமான காரியம். கழுத்தை அறுத்து, இறகு பிடுங்கி, குடலை எடுக்கும்போது ரத்தமும் எச்சமும் கையில் படுகின்றன, திவலைகள் மூக்குக்கும் கண்ணுக்கும் போகின்றன. 2006 ஜனவரியில் துருக்கியின் கிழக்கு மூலையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் இறந்தது நோயுற்ற கோழிகளோடு புழங்கியதால். கம்போடியாவில் 2023 முதல் வந்த மனித நோய்களில் பெரும்பாலானவற்றை விசாரித்தால், வீட்டுக் கோழி செத்திருக்கும், அதைத் தொட்டிருப்பார்கள் அல்லது சமைத்திருப்பார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் இந்த நோயால் வந்த முதல் மரணம் லூசியானாவில் நடந்தது. அவரும் வீட்டுக் கொல்லையில் பறவை வளர்த்தவர்தான்.

ஹாங்காங் இதை 1997-லேயே காட்டிவிட்டது. அங்கே 18 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். தொற்று உயிர்க்கோழிச் சந்தைகளிலிருந்து வந்தது என்று தெரிந்ததும், டிசம்பர் கடைசியில் ஊரிலிருந்த பத்து லட்சத்துக்கும் மேலான கோழிகளை அழித்தார்கள். மனிதர்களுக்கு வருவதும் நின்றது.

அடுத்தது, நோயை மறைப்பது. 2008-ல் மேற்கு வங்கத்தில் லட்சக்கணக்கில் கோழிகளை அழிக்க அதிகாரிகள் வந்தபோது, பலர் கோழிகளை ஒளித்து வைத்தார்கள், சிலர் கிடைத்த விலைக்கு விற்றார்கள். இதைப் படிக்காதவர்களின் அறியாமை என்று எழுதுவது எனக்கு எரிச்சலூட்டும். நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பதுதான் விதி. அதில் நன்றாக இருக்கும் பறவையும் போகும். இழப்பீடு என்று சொன்ன தொகை எப்போது கைக்கு வரும் என்று தெரியாதபோது, நாலு கோழியை நம்பி இருக்கும் ஒரு அம்மா பஞ்சாரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளத்தான் செய்வார். கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்த குஞ்சுக்கு 100 ரூபாய் என்று அறிவித்தார்கள். இந்தப் பணம் உடனே கிடைக்கும் ஊரில்தான் நோயும் உடனே வெளியே வரும்.

அரசியல்வாதிகள் மேடையில் கோழி கடிக்கும் காட்சியையும் சொல்ல வேண்டும். 2004 ஜனவரியில் தாய்லாந்து அரசு, கோழிகள் சாவது கோழிக் காலராவால் என்று வாரக்கணக்கில் சாதித்தது. பிரதமர் தக்சின் அமைச்சர்களோடு கோழி சாப்பிட்டுக் காட்டினார். சில நாளில் அதே அரசு பறவைக் காய்ச்சல் என்று ஒப்புக்கொண்டது, மனிதர்களுக்கும் வந்திருந்தது. வெந்த கோழி ஆபத்தில்லை என்று அவர்கள் காட்டியது உண்மைதான். ஆனால் மக்கள் கேட்டது, கோழிகள் எதனால் சாகின்றன என்ற வேறு கேள்வி. அப்புறம் அந்த அரசு உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

"வந்தால் பாதிப்பேர் சாவார்கள்" என்ற கணக்கும் அடிக்கடி வரும். 2003 முதல் உலகச் சுகாதார நிறுவனத்திடம் பதிவான எச்5என்1 (இந்தப் பறவைக் காய்ச்சல் வைரசின் பெயர்) நோயாளிகள் 900-க்கும் மேல், அதில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தது உண்மை. ஆனால் மருத்துவமனைக்கு வரும் அளவுக்கு மோசமானவர்கள்தான் பெரும்பாலும் கணக்கில் ஏறுகிறார்கள். அமெரிக்கப் பால்பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்குக் கண் சிவந்து உறுத்தியதோடு சரி. சரி, அப்படியானால் கவலையே வேண்டாமா? அதுவும் தவறு. 1918-ல் உலகெங்கும் பரவிய ஃப்ளூ காய்ச்சல் தாக்கியவர்களில் நூற்றுக்குச் சில பேரைத்தான் கொன்றது என்கிறார்கள், ஆனால் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கு எத்தனை பேர் என்பதைவிட, மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகத் தொற்றுகிறதா என்பதுதான் பெருந்தொற்றைத் தீர்மானிக்கும். எச்5என்1 இதுவரை அப்படித் தொடர்ந்து தொற்றவில்லை. பறவை வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் நமக்கு நுரையீரலின் ஆழத்திலும் கண்ணிலும்தான் அதிகம், மூக்கிலும் தொண்டையிலும் குறைவு. அது மாறக்கூடும் என்பதால்தான் ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பரிசோதிக்கிறார்கள்.

"பறவைக் காய்ச்சல் பெருந்தொற்றாக வரும் என்று 2005-லேயே பயமுறுத்தினார்கள், ஒன்றும் வரவில்லையே" என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் மக்கள் ஃப்ளூ மருந்தான டாமிஃப்ளூவை வாங்கிப் பதுக்கியதால், அதைத் தயாரிக்கும் ரோஷ் நிறுவனம் அங்குள்ள மருந்துக்கடைகளுக்கு அனுப்புவதையே சில காலம் நிறுத்தியது. நாலு வருடம் கழித்துப் பெருந்தொற்று வந்தது, ஆனால் பன்றியிடமிருந்து, எச்1என்1 ஆக. எந்த விலங்கிலிருந்து வரும் என்பதில் ஊகம் தவறியது, வரும் என்பதில் தவறவில்லை.

காகமோ கொக்கோ செத்துக் கிடந்தால் மரத்தை வெட்டுவது, கூட்டைக் கலைப்பது என்று கிளம்ப வேண்டாம். விரட்டப்பட்ட பறவை நோயோடு அடுத்த ஊருக்குப் போகும். வெறுங்கையால் தொடாமல், பிள்ளைகளையும் நாயையும் பூனையையும் விலக்கி வைத்து, பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். செத்த கோழியைக் குளத்திலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். நோயுற்ற பறவையோடு புழங்கிய பத்து நாளுக்குள் காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதால் வைரசுக்கு ஒன்றும் ஆகாது. ஓசெல்டாமிவிர் (அதாவது டாமிஃப்ளூ) மருந்து, அறிகுறி தொடங்கி இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.